ஐந்து பேர் சொன்னால் நரி

சங்கரபதிக் காட்டிலிருந்து இந்த மாதம்
பதினோராயிரம் படங்கள்.
ஒன்பதாயிரத்தில் வெறும் புல்.
காற்றடித்தால் புல் அசையும்,
புல் அசைந்தால் கேமரா கண் திறக்கும்,
அதற்கு அவ்வளவுதான் புத்தி.

பகலில் நான் காரைக்குடிக் கண்ணாடிக் கடையில்
அடுத்தவர் கண்ணை அளப்பவள்.
மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா.
ராத்திரி ஒன்பதரைக்கு மேல்
புல்லை வாசிக்கிறேன்.

விதி இதுதான்:
ஒரு படத்தை ஏழு பேர் பார்க்க வேண்டும்.
ஐந்து பேர் நரி என்றால் நரி.
நான்கு பேர் என்றால்
என் வரிசையில் வந்து காத்துக் கிடக்கும்,
நரியாகவும் ஆகாமல், நாயாகவும் ஆகாமல்.

மீட்டர் கணக்கெடுக்கும் சேவுகமூர்த்திக்கு
எல்லா நரியும் நாய். கடிபட்டவர்.
தேவகோட்டை ஆஸ்பத்திரியில் இரவுப் பணி ஜெரினா
இரண்டு பிரசவத்துக்கு நடுவில் நாற்பது படம் முடிப்பாள்,
கீரியை மரநாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
பினாங்கில் பிறந்த உமையாள்
மயிலுக்கெல்லாம் ஆச்சரியக்குறி போடுகிறாள்.
இங்கே மயிலை யார் சீந்துகிறார்கள்,
திட்டுவதற்குக் கடலைக்காட்டுக்காரர் தவிர.

ஏழாம் கேமராவுக்கு பேட்டரி மாற்றிய பையன்
தேதி வைக்க மறந்துவிட்டான்.
மூன்று வாரமாக அந்த ஊருணிக் கரையில் மட்டும்
இரண்டாயிரத்து ஜனவரி.
அவன் சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த
பஸ் டிக்கெட்டை வைத்து
அத்தனை மானையும்
இந்த வருஷத்துக்கு ஓட்டிவந்தேன்.

அப்புறம்தான் அந்தப் படம்.
விடியற்காலை நாலு இருபது.
தலையில் விறகுக்கட்டு, இடுப்பில் அரிவாள்,
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
பளீரென்று இரண்டு வட்டம்.

மிருகத்தின் கண் இப்படி மின்னாது.
அது கண்ணாடி.
போன பங்குனியில் நான் மாட்டிவிட்ட ஃபிரேம்,
வலது காதுப்பக்கம் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தது.
பாக்கி நூற்றைம்பது இன்னும் வரவில்லை.

நான்கு பேர் 'மனிதர்' என்று அழுத்தியிருந்தார்கள்.
மனிதர் என்று முடிவானால்
படம் பூட்டிய பெட்டிக்குப் போகும்.
சாவி இரண்டு.
ஒன்று என்னிடம், ஒன்று வனத்துறையிடம்.

இருவர் 'எதுவுமில்லை' என்றிருந்தார்கள்.
படத்தில் பாதி அவள்தான்.
எப்படி எதுவுமில்லை?
ஒருவர் சேவுகமூர்த்தி.
வீடு வீடாகப் போகிறவர்,
எந்த வீட்டு மூலையில்
சிலிண்டர் காலியாகப் படுத்திருக்கிறது என்று
அவருக்குத் தெரியாமல் இருக்காது.

ஏழாவது ஆள் நான்.

கண்ணில் கோளாறென்று வருகிறவர்களிடம்
பொய் சொல்லக் கூடாது என்பது
எங்கள் தொழிலில் முதல் பாடம்.
அழுத்தினேன்: எதுவுமில்லை.

நான்குக்கு மூன்று.
இனி அது என் வரிசையிலேயே கிடக்கும்.
கிடக்கட்டும்.

அடுத்த படம் நாலு இருபத்தாறு.
அவள் போன தடத்தை
மூக்கால் தொட்டபடி ஒன்று.
நரி.
ஏழு பேரும் சொல்லியிருக்கிறோம்,
சேவுகமூர்த்தி உட்பட.