இடது சப்பாத்து

இரவெல்லாம் நான் திறந்துவிடுவது
பணக்கார ஆஸ்பத்திரி ஒன்றின் கண்ணாடிக் கதவு.
கார் வந்து நின்றால்
ஒரு கை கைபிடிக்கு, மறு கை நெற்றிக்கு.
உள்ளே ஒரு டொக்டரைச் சனல் பண்ண
என் இரண்டரை இரவு போகும்.
போன கிழமை மாபிளில் கிடந்த
ஒரு சொட்டு இரத்தத்தைத் துடைக்க
மூன்று பேர் ஓடிவந்தார்கள்.
யாருடையது என்று நான் சொல்லவில்லை.

இன்று விடிந்ததும் யூனிபோமோடு
ஆமர் வீதிச் சந்தியில் இறங்கி நடந்தேன்.
நடந்தேன் என்றால், வலது கால் நடந்தது.
மாநகரசபை மருந்தகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும்.
எனக்கு முன்னால் பதினாறு பேர்.
அதில் ஐந்து பேர் வெறும் செருப்புகள்;
ஆட்கள் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்கள்.
ஒரு சோடியில் மீன் செதில் காய்ந்திருந்தது.
அதையும் யாரும் முந்தவில்லை.

"அருலப்பன்!"
என் பெயரின் ளகரத்துக்கு இங்கே மருந்து கிடையாது.
எழும்பிப் போனேன்.

டொக்டர் சின்னப் பிள்ளை.
சீனியைப் பார்த்தார், காலைப் பார்த்தார்,
"இரண்டு கிழமைக்கு நிற்கவே கூடாது" என்றார்.
நிற்பதுதான் உத்தியோகம் என்றேன்.
பேனை ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது,
பிறகு எழுதியது.

மருந்து ஜன்னலில் நவ்ஷாட்
ஒரு மாதத்துக்கு எழுதியதை
பதினைந்து நாளுக்கு எண்ணினார்.
"பின்னால நிக்கிறவங்களுக்கும் வேணும்தானே."
திரும்பிப் பார்த்தேன்.
செருப்புகளெல்லாம் ஆட்களாகியிருந்தன.
யாரோடு கோபப்படுவது?

காயம் கட்டும் அறையில் சோமலதா
குட்டை முக்காலியில் இருந்து
ஒட்டிப்போன காலுறையை நனைத்து நனைத்து
வெங்காயத் தோல் மாதிரி உரித்தாள்.
மூக்கைச் சுளிக்கவில்லை. நான்தான் சுளித்தேன்.
கட்டி முடித்துவிட்டு
என் சப்பாத்தைத் தூக்கிக் காட்டினாள்:
"மே சப்பாத்து எபா."
இது வேண்டாமாம்.
சப்பாத்து. அவள் பாஷையிலும் அதே சொல்தான்,
போர்த்துக்கேயன் இரண்டு வாசலிலும் மறந்துவிட்டுப் போனது.
வேறு இல்லை என்று கையை விரித்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு பிளாஸ்டர் வெட்டும் கத்தரியால்
சின்னவிரல் பக்கம் சப்பாத்தில் ஒரு ஜன்னல் வெட்டினாள்.
போட்டுப் பார்த்தால்
வெள்ளைக் கட்டு பளிச்சென்று தெரிந்தது.
மேசையில் கிடந்த மார்க்கர் பேனையை எடுத்து
கட்டின் மேல் கறுப்பாகத் தீட்டினாள்,
சுப்பவைசர் கண்ணுக்குப் படாதபடி.
இதற்குத் துண்டு இல்லை.
எந்தப் பதிவிலும் ஏறியிராது.
"நாளைக்கும் வரோணும்" என்றாள், அரைத் தமிழில்.
அதற்குள் அடுத்த காலைக் கூப்பிட்டாயிற்று.

இரவு. கார் வந்தது. கதவை இழுத்தேன்.
நாளொன்றுக்கு இருபதாயிரம் ரூபா அறைகளின் குளிர்
வாசல் தாண்டி இறங்கி,
காசு கட்டாமல்,
என் சின்னவிரலைத் தொட்டுவிட்டுப் போனது.