மூன்றா, எட்டா

அந்த மனுசன் திரும்பி வந்தபோது
பத்திரத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான்.
"அக்கா, என்னை நீங்கள்
ஐந்து வருசம் பிந்திப் பெத்திருக்கிறீங்கள்."

பதிவேட்டை யன்னலடிக்குக் கொண்டுபோனேன்.
எழுபத்து மூன்று.
நான் எழுதியிருந்தது எழுபத்தெட்டு.
ஈரம் குடித்த தாளில்
எப்போதோ ஒரு பதிவாளரின் நீல மையில்
மூன்று வாயைத் திறந்துகொண்டுதான் கிடந்தது.
மூடிவிட்டது என் கண்.

பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில்
பதினாறு வருசமாய்ப்
பிறப்பையும் இறப்பையும் பிரதி எடுக்கிறேன்.
இதுவரை ஒருவரையும்
மாறிப் பிறக்கவிட்டதில்லை.

"உங்களுக்குக் காப்புறுதி இருக்குத்தானே, கண்ணாடி போடலாம்"
என்றான் நிதிக் கிளைக் கோகுலராஜ்.
இருக்குத்தான்.
சம்பளச் சீட்டில் மாசாமாசம் வெட்டுப்படுகிற ஒரு வரி.
அந்த வரியையும் இப்போது
கையை நீட்டிப் பிடித்துத்தான் வாசிக்கிறேன்.

பிரதான வீதியில் முதல் கடை, நல்ல குளிர்.
"கார்ட் எடுப்பம். தவணைக்கும் தருவம்.
அரசாங்கக் காப்புறுதியோ? அது கரைச்சல் அக்கா."
சொல்லிக்கொண்டே பெடியன்
ஒரு வில்லையை ஊதித் துடைத்தான்.
அடுத்த கடையில் பில் துண்டு தருவார்களாம்,
பதிவு இலக்கம் மட்டும் கேட்கக்கூடாதாம்.
இன்னொன்றில் கண் பார்ப்பவர்
கண்டியிலிருந்து சனிக்கிழமைகளில் வருவார்.
நான் போன சனி போயா.

கொழும்புக்கு எடுத்தேன்.
தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன்.
ஒரு பிள்ளை சிங்களத்தில்
மிகப் பொறுமையாய் விளங்கப்படுத்தினாள்:
கடைகளின் பட்டியல் என்று ஒன்றும் இல்லை.
பதிவுபெற்ற ஆள், முத்திரை குத்திய பற்றுச்சீட்டு,
அவ்வளவுதான்.
நான் ஒரு மாசமாய்
என்னை ஏற்கிற கடையைத் தேடியிருக்கிறேன்.
ஏற்கப்பட வேண்டியது கடதாசி.
இது எனக்கே தெரியாமல் போனதுதான் வெட்கம்,
நாள் முழுக்க மற்றவர்களைக்
கடதாசி கேட்டுத் திருப்பி அனுப்புகிறவள்.

பஸ் நிலையத்தடியில் ஒரு மான்
யாருடையதோ பற்றுச்சீட்டை
அவசரமில்லாமல் மென்றுகொண்டு நின்றது.

ஜமாலியாப் பக்கம், சைக்கிள் கடைக்கு மேல் மாடி.
ரிஸ்லானா என்று பெயர்ப்பலகை,
பெயருக்குக் கீழே பதிவு இலக்கம்,
படியிலிருந்தே தெரிகிற அளவில்.
"அக்ரஹாரவா? கொண்டு வாங்க.
போன மாசமும் நாலு டீச்சர்மார் வந்தவங்க.
காசு நீங்க முதல்ல கட்டணும்,
அவங்க பிறகுதான் அனுப்புவாங்க.
எவ்வளவு அனுப்புவாங்கண்டு மட்டும்
என்னட்டக் கேக்காதீங்க."

இருட்டில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள்.
"இது தெளிவா? இதா?
இதா? முதல் போட்டதா?"
தெரியாது என்று சொல்ல
எனக்கு இவ்வளவு கூச்சம் இருந்ததை
அன்றைக்குத்தான் கண்டேன்.
"ரெண்டும் ஒண்டு போலத்தான் இருக்கு."
"அப்படியும் சொல்லலாம்," என்றாள். "அதுவும் பதில்தான்."

பிறகு கோரல் படிவம்.
கண்ணாடிக்குக் காசு கேட்கிற படிவத்தைக்
கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத எழுத்தில்
யார் அச்சடித்தார்களோ!
ரிஸ்லானா சிரித்துவிட்டுச்
சோதனைச் சட்டத்தைத் திரும்பவும் என் மூக்கில் ஏற்றினாள்.
இரும்புப் பாரம், பக்கத்துக்கு ரெண்டு வில்லை.
பூதம் மாதிரி இருந்துகொண்டு
ஒவ்வொரு கட்டமாய் நிரப்பினேன்.
கீழே சைக்கிள்காரன் சில்லுக்குக் காற்றடிக்கும் சத்தம்.
பிறந்த திகதி என்ற இடத்தில்
என் மூன்றின் வாயை
நன்றாய்த் திறந்து வைத்தேன்.

காசு இன்னும் வரவில்லை.

திருத்திய பிரதியை வாங்க வந்தவன்
எழுத்தெழுத்தாய்ப் பார்த்தான்.
சரிதான் என்று தலையாட்டினான்.
போகாமல் கொஞ்சம் நின்றான்.
"அந்த ஐந்து வருசம்
நல்லாத்தான் இருந்தது அக்கா."