நூல் மக்கும் வரை

பாளையங்கோட்டை எபநேசர் கடையில்
நாற்பது ரூபாய்க்கு ஒரு பிடி பாசி.
மாமி கேட்டாள்:
குளியல் தொட்டியில வழுக்கி
நான் இடுப்ப ஒடிச்சுக்கிட்டதையா
காசு குடுத்து வாங்கிட்டு வந்தே?

வேர் கிடையாது இதுக்கு,
கல்லுல வச்சு நூலால கட்டணும்,
இறுக்கக் கூடாது, அக்கா,
என்றிருந்தான் எபநேசர்.
நூலுக்கா பஞ்சம் மேலப்பாளையத்தில்.
ஆயிரம் பீடிக்குக் கழுத்துக் கட்டிய விரல்
கருப்பந்துறை ஆற்றில் பொறுக்கிய கல்லுக்கும் கட்டியது
அதே இளஞ்சிவப்பு நூலை.
தொட்டிக்குள் வைத்ததும்
ஈரத்தலையோடு ஒரு பிள்ளை
தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

மூன்றாம் நாள்
குட்டி இறால் நான்கும் மல்லாந்து கிடந்தன.

குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி
வாளியில் வைத்துத்தான் ஊற்றினேன்,
குளோரின் போயிருக்கும்.
இரையும் கூடுதல் இல்லை.
போனில் எபநேசர் யோசித்துவிட்டுக் கேட்டான்:
அக்கா, நீங்க என்ன வேலை பாக்கீங்க?

சொன்னேன்.
கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.

தூள்.
நகக்கண்ணில், ரேகையில், நூலின் முறுக்கில்.
பத்தொன்பது வருஷமாய்
இந்தக் கையால்தான் சோறு பிசைகிறேன்.

மறுபடி ஆரம்பித்தேன்.
பிரிக்காத கண்டு ஒன்றை எடுத்துக்
கொதிக்கும் தண்ணீரில் போட்டேன்.
சோப்பும் ஆகாதாம், அதனால்
உப்பும் எலுமிச்சம்பழமும் தேய்த்து
முழங்கை வரை மூன்று தரம் கழுவினேன்.
தொழுகைக்கு ஒலு செய்வது போலிருக்கு என்று
மகள் சிரித்தாள்.

சித்திரையில் தகரக் கூரை கொதித்தது.
பாசியின் நுனி பழுப்பேறி உதிர்ந்தது.
இலை நனைக்க வைத்திருந்த புதுச் சாக்கைத்
தொட்டியைச் சுற்றிக் கட்டி
ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டேன்.
கரண்ட் போன மத்தியானங்களில்
மாமி விசிறியால் வீசியது
தனக்கா தண்ணீருக்கா, தெரியாது.
ஜன்னல் வெயில் கொஞ்சம் பட்டாலும்
தலைமுடி மாதிரி வேறொரு பாசி வந்து பின்னிக்கொள்ளும்.
பழைய பல்துலக்கியை உள்ளே விட்டு
ஒரே பக்கமாகத் திருக வேண்டும்.
சிக்கெடுக்கையில் மகள் அலறுவாள்,
இது அலறாது.

ஆனியில் சாரல் காற்று தெருவுக்குள் வந்த அன்று
நூல் மக்கிக்
கல்லை விட்டுக் கழன்று மிதந்தது.
நான் பதறிக் கையை விட்டேன்.
பாசி அசையவில்லை.
லேசாக இழுத்துப் பார்த்தேன்,
கல்லும் சேர்ந்து வந்தது.

சனிக்கிழமை.
கடையில் செக்கர் என் கட்டுகளைப் பிரித்து
வாய் சரியில்லை, முறுக்கு சரியில்லை என்று
அறுபது பீடியைக் கழித்துப்போட்டான்.
வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன்.
புதிதாய் வாங்கிய இறால் ஒன்று
மிதக்கும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு
ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத்
தடவிப் பார்த்துக்கொண்டே போனது.

எதையும் கழிக்கவில்லை.