ஆவுரிஞ்சுகல்

காட்டெருமை செத்துக் கிடந்தது.
தலை சேலத்தில், வால் தருமபுரியில்.
சர்வேயர் தனக்கோட்டி
புல வரைபடத்தைப் பாறைமேல் விரித்து
நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு
அப்படித்தான் சொன்னார்.

வயிறு எங்கே சார் என்றேன்.
அதுதாம்மா தகராறு என்றார்.

நான் சங்கிலி பிடிக்கிறவள்.
சம்பளப் பட்டியலில் கிராம உதவியாளர்,
ஊர் வாயில் தலையாரி,
தாசில்தார் ஜீப்பில் வெறும் 'ஏம்மா'.
எனக்கு மேலே வி.ஏ.ஓ., அவருக்கு மேலே பிர்கா,
பிர்காவுக்கு மேலே தாலுகா, கோட்டம், கலெக்டர்,
அதற்கும் மேலே மேகம்.
மேகம் மட்டும் எங்கள் மலையில்
தினமும் என் முழங்காலுக்குக் கீழே போகும்.

சேலத்து ரேஞ்சர் விடிகாலையிலேயே வந்துவிட்டார்.
அந்தப் பக்கத்து ரேஞ்சர்
பொம்மிடியிலிருந்து நடந்தே ஏறி
மூச்சு வாங்க வணக்கம் சொன்னார்.
ஒரே தீக்குச்சியில் பற்றவைத்துக்கொண்டு
ஆளுக்கொரு திசை பார்த்துப் புகை விட்டார்கள்.
எருமை யாருடையதோ அவருக்கு
மகசர், மருத்துவர், டீசல், குழிவெட்டக் கூலி,
மூன்று படியில் அறிக்கை.
மற்றவருக்கு மத்தியானச் சோறு வீட்டில்.

கல் இருந்தால் தீர்ந்தது.
தேடினோம்.
எட்டடி கீழே உண்ணிச்செடிக்குள்
மல்லாந்து கிடந்தது.
அறுபத்தைந்தில் சேலத்தைக் கிள்ளித்
தருமபுரி செய்தபோது நட்டதாம்.
தொண்ணூற்றேழில் நாமக்கல் பிரிந்து போனதும்
சேலம் இன்னும் இளைத்ததும்
இந்தக் கல்லுக்குத் தெரியாது.

'தோட்டக்காரன் எவனோ பிடுங்கிப் போட்டிருக்கான்,
வழக்குப் போடணும்' என்றார் வி.ஏ.ஓ.
கல்லின் தலையை யாரும் பார்க்கவில்லை.
எண்ணெய் தேய்த்தது மாதிரி வழவழப்பு.
விரிசலில் நாலு கறுப்பு மயிர்.

எனக்குத் தெரியும்.
போன மாசியில், இடது கொம்பு நுனி உடைந்த
இதே எருமை
கழுத்தைக் கொண்டுவந்து கல்லில் வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டு
தேய் தேய் என்று தேய்த்தது.
இரண்டு மாவட்டமும் ஆடின.
அடுத்த வாரம் கல் சாய்ந்திருந்தது.
பங்குனி மழைக்குப் பிறகு இடத்தில் இல்லை.
நான் எழுதிக் கொடுக்கவில்லை.
தினவுக்கு எந்தப் படிவம்?

மூன்று மணிக்கு ஈ மொய்த்தது.
தனக்கோட்டியின் கருவி செயற்கைக்கோளைக் கேட்டது.
மூட்டத்துக்குள் அது
கேட்கக் கேட்க வேறு பதில் சொன்னது.
கடைசியில் சேலத்து ரேஞ்சர்
மூக்கைக் கைக்குட்டையால் பொத்தி
'நாத்தம் நம்ம பக்கந்தான் வீசுது'
என்று கையெழுத்துப் போட்டார்.

பாறையில்லாத மண் அந்தப் பக்கம்தான் இருந்தது.
சேலத்து எருமையைத்
தருமபுரியில் புதைத்தோம்.
அதற்கு யாரும் கடிதம் எழுதவில்லை.

கல்லை நட்டுவிட்டு வா என்று
எல்லோரும் இறங்கிப் போனார்கள்.
கடப்பாரையும் நானும்.
பழைய குழி தூர்ந்து, எது என்றே தெரியவில்லை.
மேட்டில் மூங்கிலுக்குப் பின்னால்
மிச்சக் கூட்டம் மூக்கை ஊதிக்கொண்டு நின்றது.

புதுக் குளம்படி எங்கே நெருங்கிக் கிடக்கிறதோ
அங்கே தோண்டினேன்.
கழுத்துக்கும் எட்ட வேண்டும், கன்றுக்கும் எட்ட வேண்டும்.
உயரம் பார்த்து நிறுத்தி
அடியில் சல்லி போட்டு இறுக்கினேன்.
வரைபடத்தை
அவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.