பதினாலு அங்குலம்

ஹோலில் ஐந்து கோடு.
குசினி வாசலில் மூன்று.
ஃபிரிட்ஜைத் தாண்டினால் இரண்டு,
அதுவும் மோட்டார் ஓடாத நேரம் பார்த்து.
நடு அறைக்குள் கால் வைத்தால்
ஒன்று வந்து, யோசித்து, போய்விடும்.

எனக்கு வேலை நடு அறையில்தான்.
விடிய நாலரைக்கு மெல்பேணில் ஒன்பது மணி.
அங்கே ஒரு பல் வைத்தியரின் கணக்கு
இங்கே உவர்மலையில் என் மடியில்.
வெட்டி வெட்டிக் கேட்கிறது சுகிர்தா, என்பார் மார்கரெட்.
வெட்டுப்பட்ட துண்டுகளில் மன்னிப்புக் கேட்பேன்.

எல்லாம் செய்து பார்த்தாச்சு.
மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து ரவுட்டரை எடுத்தேன்,
தண்ணீர் அலையைக் குடிக்குமாம்.
இரும்பு அலுமாரி மேலே வைத்தேன்,
இரும்பு திருப்பி அடிக்குமாம்.
சாமித்தட்டில் பிள்ளையாரோடு ஒரு கிழமை இருந்தது,
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
துவாரகன் சனலைப் பதினொன்றில் இருந்து ஒன்றுக்கு மாற்றினான்.
மறுநாள் பக்கத்து வீடும் ஒன்றுக்கு வந்தது.
ஏழாயிரம் கொடுத்து ஒரு ரிப்பீட்டர்.
இல்லாததை அது
மிகத் தெளிவாகத் திருப்பிச் சொன்னது.

பிறகு லைனே போனது.
வழி தவறிய மான் ஒன்று
தாழத் தொங்கிய கேபிளைக் கொம்பில் மாட்டி
மதிலோரம் இழுத்துப்போனதாம்.
கம்பனியின் படிவத்தில் மானுக்கு இடமில்லை.
"ஏனையவை" என்று பதிந்தார்கள்.

மூன்றாம் நாள் அஸ்பாக் வந்தான், கிண்ணியாவில் இருந்து,
ஏணியைக் கட்டிய ஆட்டோவில்.
இருபத்திரண்டு வயதிருக்கும்.
பழைய முனைகளைக் கழற்றிக் காட்டினான்,
பச்சை பூத்திருந்தது.
"உப்புக் காத்து, அக்கா."
லைன் வந்தது. நடு அறைக்கு வரவில்லை.
விரல் மடித்துச் சுவரைத் தட்டினான்.
"இது வீட்டுச் சுவரா, கோட்டைச் சுவரா?"

பதினாலு அங்குலம்.
எண்பத்தேழில் அப்பா கட்டி
பின்னாளில் எனக்குச் சீதனமாய் எழுதின வீடு.
நாலு பக்கமும் அறை, நடுவில் இது, ஜன்னல் கிடையாது.
ஷெல் விழுந்த இரவுகளில்
பதினொரு பேர் கால் மடித்துப் படுத்த இடம்.
வெளியில் இருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது,
மேசனுக்கு அப்பா சொன்ன ஒரே அளவு அதுதான்.

சொல்ல வாயெடுத்தேன்.
"அந்தக் காலத்துக் கட்டு, தம்பி" என்றேன்.

துளைத்தான்.
இரண்டு பிட் தேய்ந்தது, மூன்றாவது முறிந்தது.
நாலாவதுக்குக் கடைக்குப் போய் வந்தான்.
உட்புறம் நான் நின்றேன்.
சுவரில் முதலில் ஒரு நடுக்கம்,
பிறகு மேலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு.
என்னையறியாமல் காதுகளைப் பொத்தியிருந்தேன்,
குந்தியும் இருந்தேன்.
"சத்தம் கூடவா அக்கா?"
"இல்லை, நீ அடி."

பென்சில் மொத்தத்தில் ஒரு ஓட்டை.
நீலக் கேபிள் தலை நீட்டியது.
உள்ளே இரண்டாவது ரவுட்டர், ஐந்து கோடு,
அசையாமல்.

இன்று விடிய மார்கரெட் கேட்டார்:
பின்னால் அது என்ன சத்தம்?
திரும்பிப் பார்த்தேன்.
கேபிளைச் சுற்றிச் சீமெந்து பூச மறந்திருந்தான்.
அந்த இடைவெளியால்
ஹோலின் ஃபேன், மீன்தொட்டியின் குமிழ்,
துவாரகன் தூக்கத்தில் இருமுவது,
தூரத்தில் படகு எஞ்சின் ஒன்று.
இந்த அறையில் இருந்து
இதையெல்லாம் நான் கேட்டதே இல்லை.
"வீடு" என்றேன்.

நாளைக்கு வந்து பூசித் தரவா, என்று அஸ்பாக்கின் மெசேஜ்.
வாசித்துவிட்டேன்,
அவனுக்கு இரண்டு சரியும் நீலமாய்த் தெரிந்திருக்கும்.
பதில் இன்னும் போடவில்லை.