சீட்டுக் கணக்கு

மாசம் பதினெட்டாயிரத்து நானூறு.
ஏழாம் தேதி வரும், சில மாதம் ஒன்பது.
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
கருங்கல் பஸ்ஸுக்கு நிற்கும்போதே பங்கு வைத்துவிடுவேன்.
வீட்டுக்கு ஒன்பதாயிரம்.
நகைக்கடன் வட்டி இரண்டாயிரத்து நூறு.
பஸ், சாயா, போன் எல்லாம் சேர்த்து இரண்டரை.
பிலோமியக்காவிடம் சீட்டு மூன்று.
காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் என்று ஆயிரத்து நூறு.
மிச்சம் எழுநூறு
'இதர' என்ற வரியில் மூச்சுக் காட்டாமல் இருக்கும்.

அம்மா கேட்பாள்:
"சீட்டு கெட்டியாச்சா பிள்ளே?"
"கெட்டியாச்சு."
எந்தச் சீட்டு என்று கேட்டதில்லை.
ஒரே சொல்லில் இரண்டு பேர் ஒளிய
இடம் விட்டு வைத்த பாஷைக்கு நன்றி.

என் சீட்டு விளையாட அல்ல, சேர்க்க.
ஆழ்கடல் வரிசை, மொத்தம் இருநூற்றுப் பத்து அட்டை.
என்னிடம் நூற்றித் தொண்ணூற்று மூன்று.
ஆனிச் சாரலில் மினுங்கும் அட்டைகள்
அப்பளம்போல் வளையும்.
எக்ஸ்ரே பிலிம் டப்பாவில் வரும்
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி வருவேன்.
இந்த வரவுக்கு நோட்டில் வரி இல்லை.
மீன்பிடித் தடைக்காலத்தில்
அப்பா கரையில் இருக்கும் இரண்டு மாதம்
இதர முந்நூறாகும்.

பாக்கெட் வாங்குவதில்லை என்று ஒரு சத்தியம்.
பிரிக்காத பாக்கெட் என்பது இருட்டில் வீசும் வலை.
டீசல் காசுகூடத் தேறாமல்
போட்டு திரும்பும் வீட்டில் பிறந்தவளுக்கு
அது போதாதா?
போதவில்லை.
மார்ச்சில் இரவு டூட்டிக்கு ஆயிரத்து இருநூறு கூடுதலாக வந்தது,
நோட்டுக்குத் தெரியாத காசு.
வடசேரியில் வாங்கிய நான்கு பாக்கெட்டும்
வில்லுக்குறி வருமுன் பிரிந்துவிட்டன.
எல்லாமே இருக்கிற அட்டை.
ஒரே நண்டு மூன்று தடவை.
பக்கத்து இருக்கைக்காரர் நண்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்.

பத்தொன்பதாம் எண் விளக்குமீன்.
திருவனந்தபுரத்துக்காரன் நாலாயிரத்து இருநூறு சொன்னான்.
மூவாயிரத்து ஐநூறுக்குப் படிந்தது.
ஆகஸ்டிலிருந்து டிசம்பர்வரை
ஐந்து இதர.
கிறிஸ்மஸ் சுடிதார் தள்ளுபடி மேசையிலிருந்து.

ஆஸ்பத்திரி விலாசத்துக்கு வந்து சேர்ந்த இரவு,
ஸ்கூட்டரில் விழுந்த ஒருவரின் மணிக்கட்டை
வெளிச்சப்பெட்டியிலிருந்து இறக்கிவிட்டு
மீனை ஏற்றினேன்.
அசல் அட்டையின் நடுவே
கறுத்த தாள் ஒன்று உண்டு,
வெளிச்சம் அதில் முட்டி நின்றுவிடும்.
இதில் பல்லுக்கும் வாலுக்கும் ஊடே
குழல்விளக்கு முழுசாய்த் தெரிந்தது.
டாக்டர் ஜெபராஜ் எட்டிப் பார்த்தார்:
"எங்க முறிஞ்சிருக்கு?"
காட்டத் தெரியவில்லை.

விற்றவன் போனை எடுக்கவில்லை.
இரண்டு நாள் இதரவிலேயே கிடந்தது அந்தத் தொகை.
மூன்றாம் நாள் அடித்துவிட்டு
'காந்திக் கணக்கு' என்று எழுதினேன்.

ஜனவரி ஏலத்தில் பிலோமியக்காவின் வீட்டில்
கதவோரம் நின்றிருந்தேன்.
சீட்டைத் தள்ளி எடுத்தால்
அசல் மீனும் வாங்கலாம், திமிங்கலமும் வாங்கலாம்,
அம்மாவிடம் 'கெட்டியாச்சு' என்பதும்
பொய்யாகாது.
வாயைத் திறக்கவில்லை.
நல்ல புத்தி என்று நினைக்க வேண்டாம்,
கழிவு ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.
எஞ்சின் பழுதான ஒருவர் எடுத்துக்கொண்டு போனார்.

பத்தொன்பதாம் உறையில் போலியையே செருகி வைத்திருக்கிறேன்.
கரண்டு போகும் இரவுகளில்
போன் வெளிச்சத்தை அதன் முதுகில் பிடிப்பேன்.
நெற்றி விளக்கு எரிகிறது,
பற்கள் எரிகின்றன,
கூரை ஓட்டில் ஒரு வால் நீந்துகிறது.

அசல் இப்படி எரியாது.