ஏழின் இடுப்புக்கோடு

மவுஸை மேசை விளிம்புவரை தள்ளிவிட்டேன்.
திரையில் அம்பு இன்னும் பாதி வழியில் நின்றது.
மேசை முடிந்துவிட்டது. இன்னும் நீளமான மேசை கேட்டு
மேலாளருக்கு எழுதலாமா என்று யோசித்தேன்.
தூக்கித் திரும்ப நடுவில் வைக்கலாம்,
அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும் என்பது
திபிலிசியிலிருந்து வந்து ஒருநாள் பாடம் நடத்திவிட்டு
ரயிலைப் பிடிக்க ஓடிய பையனின் குறிப்பில் இல்லை.
நானாகத்தான் கண்டேன், மூன்றாம் நாள்,
தும்மல் வந்து கை எழும்பியபோது.

குத்தாயிசி. தொண்ணூற்றெட்டு, டிசம்பர்.
கரண்ட் நாளுக்கு மூன்று மணி நேரம்,
அது எந்த மூன்று என்று ரியோனி ஆற்றுக்குத்தான் வெளிச்சம்.
மண்ணெண்ணெய் வாடை ஏறிய கோட்டைக் கழற்றாமல்
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
தண்ணீர்ப் பாட்டில் ஆலையின் ஒரு வருடத்தைக்
கட்டம் கட்டமாக ஏற்றிக்கொண்டிருந்தேன் நான்,
நாஸிப்ரோலா, பத்தொன்பது வருடக் கணக்கர்.
கூட்டு, கழி என்று பையன் எழுதிக் கொடுத்ததையும்
உரிய கட்டங்களில் ஏற்றினேன்,
பொருள் தெரியாமல் மந்திரம் ஒப்பிப்பதுபோல.

மார்ச். திரும்பி வந்த காலிப் பாட்டில் 1140.
பேரேட்டில் அப்படித்தான். என் கையெழுத்து.
கிடங்குக்காரர் அவ்தாண்டில் பேரில் குறைவு அறுநூறு.
பாட்டிலுக்கு ஆறு தெத்ரி, ஆக முப்பத்தாறு லாரி.
மூன்று சம்பளத்தில் பிடித்தோம்.
அதற்கப்புறம் அவர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.
எடுத்தவருக்கு ரோஷம் வேறா என்று நினைத்துக்கொண்டேன்.

தேதிகள் வேண்டியிருந்தன, அவ்வளவுதான்.
சீட்டுக் கட்டை அவிழ்த்தேன்.
ஒன்றோடு குழம்பாமலிருக்க
ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவோம் நாங்கள்.
ஈரம் குடித்த தாளில், கொசுக்கால் அளவுக்கு,
அது இருந்தது.

ஒன்றை அழித்து ஏழைத் தட்டினேன்.
என்டர்.

நான் தொட்டது ஒரே ஒரு கட்டம்.
மார்ச்சின் கூட்டல் மாறியது. காலாண்டு. அரையாண்டு.
ஸ்வெட்டரில் ஓர் இழையைப் பிடித்து இழுத்ததுபோல
டிசம்பர் வரைக்கும் ஓடி நின்றது.
அவ்தாண்டில் பேருக்கு நேரே
பூஜ்யம்.

ஏமாற்றுகிறது என்றுதான் முதலில் தோன்றியது.
மணிச்சட்டத்தை எடுத்து இரண்டு தடவை உருட்டினேன்.
இரண்டு தடவையும் அது சொன்னதே வந்தது.
பேரேட்டில் இதைச் செய்ய
பத்து மாதப் பக்கங்களைப் பிளேடால் சுரண்ட வேண்டும்,
பக்கத்துக்கு இரண்டு கையொப்பம் வேண்டும்.
ஆகவே யாரும் செய்வதில்லை.
போட்ட கணக்கு போட்டதுதான்.
சூத்திரம் என்று பையன் சொன்ன வார்த்தை
அப்போதுதான் எனக்குள் இறங்கியது:
எண்ணை எழுதிவைக்கத் தேவையில்லை,
அது யாருக்குப் பிறந்தது என்று எழுதிவைத்தால் போதும்.
சிரித்துவிட்டேன், வாய்விட்டு, காலி அறையில்.
அறுநூறு பாட்டில் நினைவுக்கு வந்து
சிரிப்பு பாதியில் நின்றது.
அதற்குள் கரண்ட் போய்விட்டது.

லாந்தரோடு கிடங்குக்குப் போனேன்.
மூச்சு புகைய, இருட்டிலேயே
தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
சீட்டை நீட்டினேன். பெட்டி சொல்கிறது, இது ஏழாம், என்றேன்.
வாங்கிப் பார்க்கவில்லை.
‘மார்ச்சில் நானும் இதைத்தான் சொன்னேன், நாஸிப்ரோலா.
இரண்டு முறை சொன்னேன்.’
எண்ணிக்கை விட்டுப்போய்
முதல் பாட்டிலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது.
திரையில் எதுவும் இல்லை.
போவதற்கு முன் சேமிக்க வேண்டும் என்பது
குறிப்பில் இருந்தது, கடைசி வரியில்,
இரண்டு முறை அடிக்கோடிட்டு.

ஜனவரியிலிருந்து தொடங்கினேன்.
இந்த முறை பேரேட்டைத் திறக்கவில்லை.
சீட்டுகளை ஒவ்வொன்றாக
விளக்குக்கு நேரே பிடித்தேன்.